‘ஃப்லொக்’ என்பது அவலா, துகளா?

கேள்வி: நெதர்லாந்தின் உத்ரெக்ட் நகரில் படிக்கும் என் மகள் கொண்டுவந்த ஓட்ஸ் பொட்டலத்தில் ‘ஹாவர்ஃப்லொக்கன்’ என்று அச்சிட்டிருந்தது. கருப் பரிசோதனை ஒன்றின் பெயரிலும் இதே ‘ஃப்லொக்கன்’ வருகிறது என்கிறாள். இரண்டும் ஒரே சொல்தானா?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: ஒரே சொல்தான். ஒருமையில் ‘ஃப்லொக்’, பன்மையில் ‘ஃப்லொக்கன்’. பேச்சில் பெரும்பாலோர் ஈற்று னகரத்தை விழுங்கிவிடுவார்கள். பனி பொழியும்போது மிதந்து இறங்கும் ஒவ்வொரு துகளும் ‘ஸ்னேவ்ஃப்லொக்’. ‘ஹாவர்’ என்பது ஓட்ஸ் தானியம். அதை நசுக்கித் தட்டையாக்கியது ‘ஹாவர்ஃப்லொக்கன்’ என்பதால், இந்த இடத்தில் ‘அவல்’ என்றே மொழிபெயர்த்துவிடலாம். ஆனால் கார்ன்ஃபிளேக்ஸை டச்சுக்காரர்களும் பெரும்பாலும் கார்ன்ஃபிளேக்ஸ் என்றே சொல்கிறார்கள்.

காலையிலும் மதியத்திலும் ரொட்டியில் வெண்ணெய் தடவி, அதன்மேல் மெல்லிய சாக்லேட் சீவல்களைத் தூவி உண்பது அங்கே பெரியவர்களுக்கும் வழக்கம். அந்தச் சீவல்களும் ‘ஃப்லொக்கன்’தான். அதே ரொட்டிக்கான குச்சி வடிவச் சாக்லேட் துகள்களுக்கோ, ஆலங்கட்டியைக் குறிக்கும் சொல்லை ஒட்டி, ‘ஹாகல்ஸ்லாக்’ என்று பெயர். ஆக, பனியும் ஆலங்கட்டியும் அவர்கள் தட்டிலேயே விழுகின்றன.

உங்கள் மகள் குறிப்பிடுவது ‘ஃப்லொக்கன்டெஸ்ட்’ ஆக இருக்க வேண்டும். கர்ப்பத்தின் ஏறத்தாழ 11ஆம் வாரத்திலிருந்து, நஞ்சுக்கொடியின் திசுவைச் சிறிதளவு எடுத்துக் குழந்தையின் குரோமோசோம்களை ஆராயும் சோதனை அது. அத்திசுவில் பஞ்சு இழைகள்போல் நீட்டிக்கொண்டிருக்கும் நுண்விரல்களைத்தான் ‘ஃப்லொக்கன்’ என்கிறார்கள். சிறுகுடலின் உட்சுவரில் உள்ள குடலுறிஞ்சிகளுக்கும் ‘டார்ம்ஃப்லொக்கன்’ என்றே பெயர். ஆற்றுநீரைக் குடிநீராக்கும் நிலையங்களில் இரும்பு குளோரைடு சேர்த்ததும் அழுக்கு திரண்டு உருவாகும் பஞ்சுபோன்ற திரளைகளும் இதே சொல்லால் அழைக்கப்படுகின்றன.

மென்மையும் இலேசும் இச்சொல்லின் உயிர் என்பது என் கருத்து. அதனால்தான் சுவரிலிருந்து உரியும் வண்ணப்பூச்சையும் தோலிலிருந்து உதிரும் செதிலையும் ‘ஃப்லொக்’ என்பதில்லை. அவற்றுக்கு ‘ஸ்கில்ஃபர்’ என்ற வேறு சொல் இருக்கிறது. தலைப்பொடுகுக்கு உள்ள ‘ரோஸ்’ என்ற சொல்லோ ரோஜாவையும் குறிக்கும்!

அகராதியைப் புரட்டும்போது ஓரிடத்தில் மட்டும் கவனம் தேவை. ‘ஃப்லோக்ரேஃப்ட்’ என்ற சிறு நீர்வாழ் உயிரியின் பெயரை எழுத்தில் பார்த்தால் ‘ஃப்லொக்’ இருப்பதுபோலத் தோன்றும். ஆனால் அது தெள்ளுப்பூச்சியைக் குறிக்கும் ‘ஃப்லோ’வும், நண்டு, இறால் இனத்தைச் சேர்ந்த ‘க்ரேஃப்ட்’டும் சேர்ந்த சொல்.