ஒரு பள்ளத்தாக்கு, மூன்று சர்ச்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நாக்ஸ்வில்லில் குடியேறி ஓராண்டு ஆகிறது. போன மாதம் ஸ்மோக்கி மலையில் கேட்ஸ் கோவ் பள்ளத்தாக்குக்குப் போயிருந்தோம். பதினொரு மைல் சுற்றுப்பாதை. எல்லோரும் கரடியைத் தேடிக்கொண்டிருக்க, எனக்குக் கண்ணில் பட்டவை அடுத்தடுத்து நின்ற மூன்று வெள்ளை மரச் சர்ச்சுகள். இத்தனை சின்ன ஊருக்கு மூன்று எதற்கு? நம் பக்கம் போல ஜாதிக்கு ஒன்றா? மெதடிஸ்ட் சர்ச்சில் இரண்டு வாசல் இருக்கிறது. ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்று பக்கத்தில் நின்றவர் சொன்னார். உண்மையா?

ர., நாக்ஸ்வில்

அன்புள்ள ர.,

வாசல் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். அந்தக் காலத்துச் சர்ச்சுகள் பலவற்றில் ஆணும் பெண்ணும் தனித்தனி வாசலில் நுழைந்து தனித்தனியாக உட்கார்ந்தது உண்மைதான். ஆனால் இந்தச் சர்ச்சில் அவரவர் இஷ்டப்பட்ட இடத்தில் உட்கார்ந்தார்கள். வேறொரு சர்ச்சின் வரைபடத்தை வாங்கிக் கட்டியிருக்கிறார்கள். அதில் இரண்டு வாசல் இருந்தது, இதற்கும் வந்துவிட்டது. கட்டியவர் ஜே. டி. மெக்கேம்பெல் என்ற கொல்லர், தச்சு வேலையும் தெரிந்தவர். 1902இல் 115 நாளில் 115 டாலருக்கு முடித்துக் கொடுத்தார். அப்புறம் அதே சர்ச்சுக்குப் பாதிரியாரும் ஆனார்!

ஜாதி? இல்லை. நிறத்தை வைத்துப் பிரிந்த சர்ச்சுகள் அமெரிக்கத் தெற்கில் ஏராளம். ஜார்ஜியாவில் லிபர்ட்டி கவுண்டியின் மிட்வே சர்ச்சில் அடிமைகள் உட்கார்ந்த மாடத்தை இன்றும் பார்க்கலாம். டென்னசியின் பிளவுண்ட் கவுண்டியில் இருக்கும் கேட்ஸ் கோவ் கதை வேறு. இங்கே ஏறக்குறைய எல்லோரும் வெள்ளைக்கார விவசாயிகள், 1850இல் எழுநூறு பேர்கூட இல்லை. அவர்கள் பிரிந்தது கொள்கைச் சண்டையில்.

1827இல் இங்கே ஒரு பாப்டிஸ்ட் சபை உருவானது (மெதடிஸ்ட் போல இதுவும் புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்களில் ஒரு பிரிவு). பன்னிரண்டே ஆண்டில், 1839இல், உடைந்தது. கேள்வி இதுதான்: மிஷனரி சங்கம், ஞாயிறுப் பள்ளி இதெல்லாம் பைபிளில் எங்கே இருக்கிறது? ரட்சிக்கப்பட வேண்டியவர் யார் என்பதைக் கடவுள் உலகத்தைப் படைக்கும் முன்பே தீர்மானித்துவிட்டார். இதில் மனிதன் சங்கம் வைத்துச் சந்தா வசூலித்து என்ன ஆகப்போகிறது என்றார்கள் பெரும்பான்மையினர். மிஷனரி வேலை வேண்டும் என்றவர்களைச் சபையை விட்டு நீக்கினார்கள். நீங்கியவர்கள் ஆரம்பித்ததுதான் மிஷனரி பாப்டிஸ்ட் சர்ச். நீக்கியவர்கள் பிரிமிட்டிவ், அதாவது ஆதி வழி, பாப்டிஸ்ட் ஆனார்கள்.

ஒரு மலைக் கிராமத்துக்கு இந்தச் சண்டை எப்படி வந்தது என்று பார்த்தால் நம் பக்கம்தான் வந்து நிற்கும். 1812இல் அடோனிராம் ஜட்சனும் லூதர் ரைஸும் கல்கத்தாவுக்குக் கப்பலேறினார்கள். வந்த இடத்தில் இருவரும் பாப்டிஸ்ட் ஆனார்கள். ஜட்சன் பர்மாவுக்குப் போனார். ரைஸ் ஊர் திரும்பி, மிஷனரி வேலைக்குப் பணம் கேட்டு அமெரிக்காவை வலம் வந்தார். அவரைப் போன்றவர்கள் போட்ட விதையும், அதற்கு எதிராகக் கிளம்பிய கோபமும்தான் இருபத்தைந்து ஆண்டு கழித்து இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்து சேர்ந்தன. அந்த இருவரையும் முதலில் அனுப்பிய பாஸ்டன் மிஷன் போர்டுதான் 1816இல் யாழ்ப்பாணத்துக்கும் 1834இல் மதுரைக்கும் ஆள் அனுப்பியது. நம்மூர்களில் மிஷன் பள்ளிகள் எழும்பிக்கொண்டிருந்தபோது, 'இதெல்லாம் வேண்டாத வேலை' என்று சொந்த ஊரான்களையே வெளியே தள்ளிக்கொண்டிருந்தது இந்தக் குட்டிச் சபை. எனக்கு இது சலிக்காத விஷயம்.

அடுத்து, அமெரிக்காவின் வடக்கும் தெற்கும் மோதிக்கொண்ட உள்நாட்டுப் போர். டென்னசி மாநிலம் தெற்கோடு போனது. ஆனால் கேட்ஸ் கோவ் இருக்கும் கிழக்கு டென்னசி மக்களில் பெரும்பாலோர் வடக்கு பக்கம். பிரிமிட்டிவ் சபை போர்க்காலத்தில் ஆராதனைக்கு ஒன்றுகூடவே இல்லை. ஏன் கூடவில்லை என்பதைப் போருக்குப் பின் அவர்களே எழுதி வைத்தார்கள்: நாங்கள் யூனியன் (வடக்கு) ஆட்கள், இங்கே கலகக்காரர்களின் (தெற்கின்) கை ஓங்கியிருந்தது, எங்கள் போதகர் சில சமயம் ஊரை விட்டே ஓட வேண்டியிருந்தது என்று. மிஷனரி சபையும் கலைந்து, போருக்குப் பின் தெற்கின் ஆதரவாளர்களை விட்டுவிட்டுத்தான் மறுபடி கூடியது. மெதடிஸ்ட்களும் தப்பவில்லை. அவர்களில் ஒரு பிரிவு பள்ளத்தாக்கின் எதிர்ப்பக்கம் போய் ஹோப்வெல் என்று தனிச் சர்ச் கட்டியது. அது இன்று இல்லை. ஆக நீங்கள் பார்த்த மூன்று, ஒரு காலத்தில் நான்கு.

பிரிமிட்டிவ் சர்ச்சின் கல்லறைத் தோட்டத்தில் ரஸ்ஸல் கிரிகரியின் கல்லைத் தேடிப் பாருங்கள். இறந்தது 1864இல். 'வட கரோலினா கலகக்காரர்களால் கொலை செய்யப்பட்டார்' என்று பச்சையாகவே செதுக்கியிருக்கிறார்கள். பண்ணைகளைக் கொள்ளையடிக்க வந்தவர்களை வயசாளிகளைத் திரட்டி விரட்டியவர் அவர். கொள்ளைக் கூட்டத்தில் அவருடைய சொந்த மகனே இருந்தான், அப்பாவின் துப்பாக்கிச் சத்தத்தை அடையாளம் கண்டுகொண்டான் என்றும் சொல்வார்கள்.

கடைசிச் சண்டை அரசாங்கத்தோடு. ஸ்மோக்கி மலைத் தேசியப் பூங்காவுக்காக இங்கே நிலத்தைக் கையகப்படுத்தியபோது, 1818இல் இங்கே முதலில் குடியேறிய ஜான் ஆலிவரின் கொள்ளுப்பேரன் ஜான் டபிள்யூ. ஆலிவர் நீதிமன்றத்தில் எதிர்த்துப் போராடினார். பிரிமிட்டிவ் சபையின் போதகர். மாநில உச்ச நீதிமன்றம் வரை போய்த் தோற்று, 1937 கிறிஸ்துமஸ் அன்று வெளியேறினார். 1944இல் மிஷனரி சர்ச் மூடப்பட்டது. பிரிமிட்டிவ் சபை மட்டும் அறுபதுகள் வரை விடாமல் கூடியது.

அப்புறம் பூங்காக்காரர்கள் ஒரு வேலை செய்தார்கள். பழைய மரக்கட்டை வீடுகளை வைத்துக்கொண்டு, பலகை அடித்துப் பெயின்ட் பூசிய நல்ல வீடுகளில் பெரும்பாலானவற்றை இடித்தார்கள். ஆதி குடியேறிகளின் காட்டூர் மாதிரி தெரிய வேண்டுமே. என்னைக் கேட்டால் அது அநியாயம். 1900 வாக்கில் அந்த ஜனங்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதற்குச் சாட்சியாக மிஞ்சியவை முக்கியமாக இந்தச் சர்ச்சுகள்தான்: பிரிமிட்டிவ் 1887, மெதடிஸ்ட் 1902, மிஷனரி 1915ஐ ஒட்டி. மூன்றும் அறுத்த பலகை, வெள்ளைப் பெயின்ட்.

மறுபடி போவதாக இருந்தால் கோடைக்காலப் புதன்கிழமையில் போங்கள். அன்று சுற்றுப்பாதையில் கார் விடமாட்டார்கள், சைக்கிளும் நடையும்தான். கல்லறை எழுத்துகளை நின்று படிக்கலாம்.

அன்புடன்.