2147483647-ஆல் யாருக்கு என்ன பயன்?

கேள்வி: செல்போன் விளையாட்டில் என் மகன் சேர்த்த காசு 2147483647-ஐத் தொட்டதும் அதற்கு மேல் ஏறவில்லை. ‘அது பகா எண்ப்பா, அதனாலதான்’ என்கிறான். பெரிய மேதைகள் ஆராய்ந்த எண்ணாம். ஒரே எண்ணைப் பிடித்துக்கொண்டு மெனக்கெடுவதால் யாருக்கு என்ன பயன்?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: இதே எண் விஷயத்தில் உங்கள் அலுப்பு 1811-லேயே ஒருவருக்கு வந்துவிட்டது. இங்கிலாந்தின் கணித அறிஞர் பீட்டர் பார்லோ. தன்னைத் தவிர்த்த மற்ற வகுஎண்களின் கூட்டுத்தொகையே தானாக அமையும் எண் நிறைவெண்: 6 = 1+2+3. நம் எண்ணை வைத்து உண்டாகும் நிறைவெண் 2305843008139952128. இதைவிடப் பெரியதை இனி எவரும் தேடப்போவதில்லை, இவையெல்லாம் வெறும் விநோதம், பயனில்லாதவை என்று எழுதினார் பார்லோ. 1876-லேயே பிரான்சின் கணித அறிஞர் லூகாஸ், 39 இலக்கப் பகா எண்ணோடு வந்து நின்றார். அதிலிருந்தும் ஒரு நிறைவெண் பிறக்கும்.

சரி, 214 கோடியைத் தாண்டும் எண் பகா எண்தான் என்று எப்படித் தெரிந்தது? 31 இரண்டுகளைப் பெருக்கி 1-ஐக் கழித்தால் இந்த எண். இதை வகுக்கும் பகா எண் ஏதாவது இருந்தால், அதை 248-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 வந்தே ஆக வேண்டும் என்று கணித மேதை ஆய்லர் கண்டார். வர்க்கமூலமான 46,340 வரை பார்த்தால் போதும். அதற்குள் இந்த நிபந்தனைக்கு உட்படுபவை நானூறுகூட இல்லை. எதுவும் மீதியின்றி வகுக்கவில்லை என்று 1772-இல் அறிவித்தார். அப்போது அவருக்குப் பார்வை ஏறக்குறைய போய்விட்டிருந்தது. ‘மெனக்கெடுவது’ என்றீர்களே, அது இதுதான்.

உங்கள் மகனுக்கும் ஒரு திருத்தம். காசு நின்றது பகா எண் என்பதால் அல்ல. காசுக் கணக்கை 32 பிட்டில், அதாவது 0 அல்லது 1 மட்டுமே நிற்கும் 32 இடங்களில், கணினி எழுதிவைக்கும்போது ஒன்று கூட்டல்-கழித்தல் குறிக்குப் போக, மிச்சம் 31-உம் 1-ஆல் நிரம்பினால் இந்த எண் வரும், அவ்வளவுதான். 1970 முதல் நொடிகளை இப்படியே எண்ணிவரும் பழைய கணினிகளுக்கு 2038 ஜனவரி 19, நம் நேரம் காலை 8:44:07-க்கு இடம் தீர்ந்துவிடும். அடுத்த நொடி, தேதி 1901 டிசம்பருக்கு ஓடும்.

பகா எண் என்ற குணம் உண்மையிலேயே உதவியது வேறோர் இடத்தில். ஐபிஎம் சிஸ்டம்/360 கணினிக்கு 1969-இல் ஒரு குலுக்கல் முறை, அதாவது குலுக்கிப் போட்டதுபோல் எண்களைத் தரும் கணக்கு, வந்தது. ஓர் எண்ணை 16807-ஆல் பெருக்கி, 2147483647-ஆல் வகுத்து, மீதியை எடுத்துக்கொள்ள வேண்டும். அதையே மறுபடி பெருக்க வேண்டும். 1-இல் தொடங்கினால் 16807, அப்புறம் 282475249, அப்புறம் 1622650073 என்று தாறுமாறாகத் தாவும். ஆனாலும் 2147483646 எண்களையும் ஒன்றுவிடாமல் தொட்ட பிறகே 1-க்குத் திரும்பும். வகுக்கும் எண் பகா எண்ணாக இல்லாவிட்டால் பாதி வழியிலேயே பழைய எண்கள் திரும்ப வர ஆரம்பிக்கும். இன்றைக்கு இதைவிடத் தேர்ந்த முறைகள் இருக்கின்றன. ஆனால் உங்கள் மகன் விளையாட்டில் பரிசுப் பெட்டியைத் திறக்கும்போது என்ன பரிசு விழும் என்பதைத் தீர்மானிப்பது இந்த வம்சத்தில் வந்த ஏதோ ஒரு கணக்குதான்.