ஹவாய்த் தீவுகளின் வண்ண நத்தைகள் ஏன் அழிந்துவருகின்றன?

ஓடு அழகாக இருப்பதால் ஆட்கள் பொறுக்கிப் பொறுக்கியே தீர்த்துவிட்டார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். அதுவும் உண்டு, ஆனால் பாதிக் கதைதான்.

ஹவாய்த் தீவுகளில் ஒன்றான ஓவாஹுவின் மரநத்தைகள் சுமார் 2 செ.மீ. நீளம். மஞ்சள், பச்சை, பழுப்பு வரிகளோடு, மெருகு போட்ட மணி மாதிரி இலையில் ஒட்டியிருக்கும். இலையைக் கடிக்காது, மேலே படியும் பூஞ்சையை மட்டும் இரவில் வழித்துத் தின்னும். முட்டையிடாமல் ஒவ்வொரு குட்டியாக ஈனும், அதுவும் பல வயதான பிறகுதான். அதனால் இழப்பை ஈடுகட்டவே முடிவதில்லை.

பெரிய அடி 1955-இல் விழுந்தது. நம் தோட்டங்களையும் நாசமாக்கும் அதே ஆப்பிரிக்க ராட்சத நத்தையை ஒழிக்க, நத்தை தின்னும் நத்தை ஒன்றைக் கொண்டுவந்து விட்டார்கள். அது ராட்சதனை ஒழிக்கவில்லை. சளித்தடத்தை மோப்பம் பிடித்துப்போய் உள்ளூர் நத்தைகளைத் தின்றது. இதைவிட மோசமான யோசனை இருக்க முடியுமா என்ன! போதாததற்கு எலிகள், காடழிப்பு வேறு.

1981-இல் ஓவாஹு மரநத்தைகளின் பேரினம் முழுவதையும் அமெரிக்கா அருகிவரும் பட்டியலில் சேர்த்தது. அப்படியும் ஒரு சிற்றினத்தின் கடைசி நத்தையான ‘ஜார்ஜ்’, ஆய்வகத்தில் 2019 புத்தாண்டன்று செத்துப்போனது. மிச்சமிருப்பவற்றில் சிலவற்றை இப்போது காட்டுக்குள் வேலி கட்டிக் காக்கிறார்கள்.