அம்மாயியின் தாள்களை லேமினேட் செய்யலாமா?

கேள்வி: இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து எழுதுகிறேன். இரண்டு வருடமாகக் கொலாஜ் செய்கிறேன். அம்மாயி (அம்மாவின் அம்மா) தகரப் பெட்டியில் வைத்திருந்த பழைய சம்பளத் துண்டுகள், பிரஜாவுரிமைக் கடிதங்கள், ஸ்டூடியோ போட்டோக்கள், தேயிலைப் பக்கெட்டுகள் எல்லாவற்றையும் வெட்டி மட்டையில் ஒட்டுவேன். போன மழைக்குப் பிறகு பத்துப் படத்திலும் பழுப்புப் புள்ளி வந்துவிட்டது. தாளும் நெளிந்திருக்கிறது. ஃபிரேம் போடும் கடைக்காரர் எல்லாவற்றையும் லேமினேட் செய்தால் சரியாகிவிடும் என்கிறார். கொழும்பிலிருந்து வந்த ஒருவர் பத்தையும் வெளிநாட்டுக் கண்காட்சிக்குக் கொண்டுபோவதாகச் சொல்லி, அதற்குள் சரிசெய்து தரச் சொல்கிறார். லேமினேட் செய்யலாமா?

பதில்: செய்யாதீர்கள், தங்கச்சி. பத்தில் ஒன்றைக்கூடச் செய்யாதீர்கள். கடைக்காரர் நாள் குறித்திருந்தால் இன்றைக்கே போய் நிறுத்திவிடுங்கள்.

லேமினேட் என்பது பசை தடவிய பிளாஸ்டிக்கைச் சூட்டில் உருக்கித் தாளோடு ஒன்றாக்குவது. அப்படி ஒன்றானதை அப்புறம் பிரிக்க முடியாது. உங்கள் தாளில் இப்போது ஈரம் இருக்கிறது, பூஞ்சை இருக்கிறது, மட்டையிலிருந்து ஊறிய அமிலமும் இருக்கிறது. மூன்றையும் உள்ளே வைத்து மூடுகிறீர்கள். வெளியே பளபளப்பாகத் தெரியும், உள்ளே தாள் தன் பாட்டுக்குப் பழுத்துக்கொண்டே போகும். கண்டியில் இருபது வருடத்துக்கு மேலாகப் பழைய தாள்களைச் சீர்செய்து வருகிறேன். என்னிடம் வந்த கைவிட வேண்டிய தாள்களில் பெரும்பாலானவை பூச்சி தின்றவையோ மழையில் நனைந்தவையோ அல்ல. யாரோ நல்லெண்ணத்தில் லேமினேட் செய்தவைதான்.

இனிப் புள்ளிகளைப் பார்ப்போம். உங்கள் பக்கத்துக்கு மே மாதம் தொடங்கி செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை. தாள் காற்றிலிருந்து தண்ணீரைக் குடிக்கும் பொருள். காற்றின் ஈரப்பதம் 65, 70 சதவீதத்தைத் தாண்டி அப்படியே நின்றால் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். லயத்தின், அதாவது தோட்டத்து வரிசை வீட்டின், வெளிச்சுவரில் படத்தை மாட்டியிருந்தால் சுவரின் ஈரமும் சேர்ந்துகொள்ளும். பழைய தாளில் கலந்திருக்கும் இரும்புத் துகளும் ஈரம் பட்டால் துருப்பிடித்துப் புள்ளி போடும். நல்ல வெயில் நாளில், வெயிலில் அல்ல, நிழலில், வீட்டுக்கு வெளியே படங்களைப் பரப்பி வையுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு மென்மையான தூரிகையால் பூஞ்சைத் தூசியைத் தட்டிவிடுங்கள். வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். ஈரத்துணி, எலுமிச்சை, ப்ளீச் எதுவும் வேண்டாம். தூசி போகும், புள்ளி போகாது. புள்ளி அங்கேயே இருக்கட்டும், அது பரவாமல் பார்த்துக்கொண்டால் போதும். மாட்டுவதென்றால் உள்சுவரில், அடுப்புப் புகை வராத பக்கம் மாட்டுங்கள். ஃபிரேமின் பின்பக்க மூலைகளில் சிறு தக்கைத் துண்டுகளை ஒட்டிவிட்டால் சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்றோடும். கண்ணாடி தாளைத் தொடக்கூடாது. நடுவில் ஒரு மட்டைச் சட்டம் இருக்க வேண்டும்.

தாள் நெளிந்ததற்குக் காரணம், ஒரு பக்கம் மட்டும் பசையில் நனைந்து விரிந்ததும் காயும்போது இழுத்ததும்தான். மட்டையின் பின்பக்கத்திலும் அதே கனத்தில் ஒரு வெற்றுத் தாளை அதே பசையால் ஒட்டிப் பாரம் வைத்துக் காயவையுங்கள். இரண்டு பக்கமும் சமமாக இழுத்தால் மட்டை நேராக நிற்கும். இதை இனிச் செய்யும் படங்களுக்குச் செய்தால் போதும்.

பசைக்கு வருகிறேன். செலோடேப் கூடவே கூடாது. அதன் பசை சில வருடங்களில் மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கிவிடும். வெள்ளை பைண்டர் கம் உறுதியாக ஒட்டும், ஆனால் காய்ந்துவிட்டால் தாளைக் கிழிக்காமல் எடுக்க முடியாது. திரும்ப எடுக்கக்கூடிய பசை வேண்டுமென்றால் கோதுமை மாவில் மாச்சத்தை மட்டும் பிரித்துக் காய்ச்சுங்கள். மாவைக் கெட்டியாகப் பிசைந்து, தண்ணீருக்குள் வைத்துக் கசக்கினால் வெள்ளை மாச்சத்து தண்ணீரில் இறங்கிவிடும், கையில் ரப்பர் மாதிரி ஒன்று மிஞ்சும். ரப்பரை எறிந்துவிட்டு, தண்ணீரைத் தெளியவைத்து, அடியில் தங்குவதைக் காய்ச்சினால் பசை. அதைப் பூச்சி தேடி வரும் என்பதால் படத்தை மூடி வைக்க வேண்டும். ஒட்டும் வேலையை ஜனவரியிலிருந்து மார்ச் வரை வைத்துக்கொள்ளுங்கள். பண்டாரவளை, அப்புத்தளைப் பக்கம் இருப்பவர்களுக்கு ஜூலை, ஆகஸ்ட்டில் அடிக்கும் காய்ந்த காற்றே நல்ல காலம். ஊவாத் தேயிலைக்கு வாசம் ஏற்றும் அந்தக் காற்றில் தாளும் நன்றாகக் காயும்.

இதெல்லாம் நீங்கள் கேட்டதற்கான பதில். உங்கள் கடிதத்தில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது வேறொன்று. அம்மாயியின் பிரஜாவுரிமைக் கடிதங்களை வெட்டி ஒட்டியதாக எழுதியிருக்கிறீர்கள்.

1948-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரான நம் ஆட்களை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபரில் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் இருவரும் உட்கார்ந்து 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே என்று பிரித்தார்கள். பிரஜாவுரிமை கொடுக்க 2003-ஆம் ஆண்டின் 35-ஆம் இலக்கச் சட்டம் வந்தபோதும், 1964 ஒக்டோபர் 30 முதல் இந்த நாட்டில் நிரந்தரமாக இருந்தவர்கள், அவர்களின் வழிவந்தவர்கள் என்றுதான் கணக்கு. அப்போது இங்கே இருந்தோம் என்பதற்கு நம்மிடம் இருந்தது என்ன? தகரப் பெட்டியில் இருந்த இந்தத் தாள்கள்தான். இன்றைக்கும் ஊழியர் சேமலாப நிதிக் காசு எடுக்கப் போனால், செக்ரோல் என்ற தோட்டத்துச் சம்பளப் பதிவேட்டில் ஒரு பெயர், அடையாள அட்டையில் வேறு பெயர் என்று ஒரு கிழவியை மூன்று தரம் திருப்பி அனுப்புகிறார்கள். பெயரைத் தப்பாக எழுதியது அவள் அல்ல. பதிவேட்டைக் கறையானுக்குக் கொடுத்ததும் அவள் அல்ல. ஆனாலும் அத்தாட்சியை அவள்தான் கொண்டுவர வேண்டுமாம். என் தாயோடு அந்த வரிசைகளில் நான் நின்றிருக்கிறேன். ஒரு அலுவலகத்தில், அவர்களே கொடுத்த கடிதத்தின் அலுவலகப் பிரதி தொலைந்துவிட்டது என்று சொல்லி எங்கள் மூலப்பிரதியைக் கேட்டார்கள். அன்று அது வீட்டில் இல்லாதிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று இன்னும் நினைத்துக்கொள்கிறேன்.

ஆகவே மூலத்தாளை ஒட்டவே கூடாது. பிரதியை ஒட்டுங்கள். போட்டோ கொப்பிக் கடையில் தூள் மையால் அடிக்கும் பிரதி ஈரப்பசையில் கலையாது, அதன் கறுப்பும் சுலபத்தில் மங்காது. வீட்டில் வைத்திருக்கும் மை தெளிக்கும் பிரிண்டரில் எடுத்தால் பசை பட்டதும் மை ஓடக்கூடும், வெளிச்சத்திலும் மங்கலாம்.

பிரதியை ஒட்டினால் படத்தின் உயிர் போய்விடுமே என்று நீங்கள் கேட்பீர்கள். என்னிடம் படிக்க வருகிற பிள்ளைகள் எல்லாரும் கேட்பதுதான். நைஜீரியாவின் எனுகுவில் 1983-இல் பிறந்த இஞ்சிடெக்கா அகுன்யிலி குரொஸ்பி என்ற ஓவியரின் பெரிய படங்களைப் பாருங்கள். குடும்பப் போட்டோக்களும் ஊர்ப் பத்திரிகைப் படங்களும் அவருடைய சுவரிலும் தரையிலும் மனிதர்களின் உடம்பிலும் படர்ந்திருக்கும். எல்லாம் பிரதியிலிருந்து கரைப்பான் கொண்டு தாளுக்கு மாற்றியவை. மூலப் போட்டோ பத்திரமாக இருக்கும். நம் நாட்டில் முவிந்து பினோய் கணினியிலேயே கொலாஜ் செய்கிறார், அங்கே கத்தரிக்கோலே இல்லை. மறுபக்கம், 1912-இல் ஓவியர்கள் பிக்காசோவும் பிராக்கும் ஒட்டிய செய்தித்தாள்கள் இன்று பழுப்பேறிவிட்டன. செய்தித்தாளில் மரச்சத்து அப்படியே இருப்பதால் அது பழுக்காமல் இருக்காது. அவர்கள் ஒட்டியது ஆயிரக்கணக்கில் அச்சான பத்திரிகை. அம்மாயியின் கடிதம் ஒன்றே ஒன்று.

இதற்கு ஒரு விதிவிலக்கு இருக்கிறது. அது தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். ஒரே மாதிரி நிறைய அச்சானதை நேரே ஒட்டலாம். தேயிலைப் பக்கெட், தீப்பெட்டி லேபல், கலண்டர், பத்திரிகை இவையெல்லாம் அந்த வகை. ஆனால் அதில் யாராவது கையால் எழுதியிருந்தால், அது அந்த வகையில் சேராது. கலண்டரில் தாத்தா கடன் கணக்கு எழுதியிருந்தால் அந்தக் கலண்டர் ஒன்றே ஒன்றுதான். சம்பளத் துண்டு அச்சடித்த படிவம்தானே என்று சொல்லாதீர்கள், நாள் கணக்கும் பெயரும் கையால் எழுதியவை. ரேஷன் கூப்பனும் அப்படியே. பக்கெட்டின் உட்புறம் வெள்ளித்தாள் இருந்தால் அதைப் பிரித்துவிட்டு வெளித்தாளை மட்டும் ஒட்டுங்கள், இல்லாவிட்டால் பசையின் ஈரம் வெளியேற வழியில்லாமல் மாதக்கணக்கில் நிற்கும். இப்போதைய பஸ் டிக்கட், கடை பில் எல்லாம் சூட்டில் அச்சாகும் தாள். எத்தனை இருந்தாலும் எழுத்து மறைந்துவிடும், அவற்றையும் பிரதி எடுத்தே ஒட்டுங்கள். ஸ்டூடியோ போட்டோவில் ஒரே படம் இரண்டு இருந்தாலும் ஒன்றை ஒட்டிவிடலாம் என்று நினைக்க வேண்டாம். இரண்டாவது யாரோ ஒரு சொந்தக்காரருக்காகப் போட்டது, அவர் கேட்டு வருவார்.

இந்தத் தாள்களுக்கு ஆள் அலைகிறது என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பழைய சாமான் வாங்குகிறோம் என்று லயம் லயமாக ஏறுகிறார்கள். சம்பளத் துண்டு, தோட்டத்துக்கு வந்தவர்களுக்கு அடையாளமாகக் கொடுத்த தகர வில்லை, பழைய போட்டோ, வெள்ளைக்காரத் தொரைமார் காலத்துக் கடிதம் எது கிடைத்தாலும் சில நூறு ரூபாய் கொடுத்துக் கிழவிகளிடமிருந்து வாங்கிக்கொண்டு போகிறார்கள். அப்புறம் அது எங்கே போகிறது என்று யாரும் கேட்பதில்லை. உங்கள் அம்மாயியிடம் இப்போதே சொல்லி வையுங்கள், வாசலில் நிற்பவர் எவ்வளவு மரியாதையாகப் பேசினாலும் பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று.

கொழும்பிலிருந்து வந்தவரும் எனக்கு அதே ரகமாகத்தான் தெரிகிறார். விலை பேசியதாகவோ, கண்காட்சி எந்த ஊரில், எந்த மாதம் என்று எழுத்தில் தந்ததாகவோ நீங்கள் எழுதவில்லை, படங்களை மட்டும் கேட்கிறார். கண்காட்சித் தரகர் என்று சொல்லிக்கொண்டு வந்தவர்களில் ஒரு நல்லவரையும் நான் பார்த்ததில்லை. சுவர் வாடகை, கப்பல் செலவு, இன்ஷூரன்ஸ் என்று உங்களிடமே காசு கேட்டால் அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். ஓவியர் காசு கட்டிக் காட்டுவது கண்காட்சி அல்ல. உண்மையான காட்சிக்கூடம் விற்ற பிறகு தன் பங்கை எடுக்கும். அது பாதி வரைகூடப் போகலாம், ஆனால் விற்ற பிறகுதான். படம் கைமாறுவதற்கு முன் இரண்டு பிரதிகளில் எழுதுங்கள்: ஒவ்வொரு படத்தின் பெயர், அளவு, போட்டோ, விலை, அவருடைய பங்கு, திருப்பித் தரும் தேதி, அவருடைய அடையாள அட்டை இலக்கம், கையொப்பம். எழுத மறுத்தால் கொடுக்காதீர்கள். தோட்டத்துப் பெண்களின் வாழ்வையே தன் கலைக்குப் பொருளாக்கி ஹனுஷா சோமசுந்தரம் கொழும்புக் காட்சிக்கூடங்கள் வரை போயிருக்கிறார். நம் பிள்ளைகளுக்கும் வழி இருக்கிறது, அதற்குத் தரகர் வேண்டாம்.

இன்னொரு கூட்டம் பதிப்புரிமையைப் பதிவுசெய்து தருகிறோம் என்று காசு வாங்குகிறது. இலங்கையில் பதிப்புரிமைக்குப் பதிவு என்று ஒன்று கிடையவே கிடையாது. 2003-ஆம் ஆண்டின் 36-ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி நீங்கள் படைத்த கணத்திலேயே உரிமை உங்களுடையது, உங்கள் வாழ்நாளும் அதற்குப் பிறகு 70 வருடமும். படத்தை விற்றாலும், எழுதிக் கொடுக்காதவரை அந்த உரிமை வாங்கியவருக்குப் போகாது. இந்த ஒரு தகவலைத் தமிழில் அச்சடித்து ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும் ஒட்டினால் எத்தனை பேர் ஏமாறாமல் தப்புவார்கள். அதைச் செய்வதற்கு ஆளில்லை.

சரி, ஏற்கெனவே ஒட்டியவற்றை என்ன செய்வது? உரிக்க வேண்டாம், தண்ணீரில் ஊறவைக்கவும் வேண்டாம். பழைய பேனா மை கரைந்துவிடும். என்ன பசை பாவித்தீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். மாப்பசை என்றால் மெதுவாக ஈரம் காட்டி எடுக்க வழி உண்டு, அதை நேரில் கொண்டுவந்தால் செய்து தருகிறேன், காசு வேண்டாம். பைண்டர் கம் என்றால் அப்படியே விட்டுவிட்டு, கடிதங்கள் இருக்கும் படங்களை மட்டும் விற்காமல் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். வெட்டாமல் மிச்சமிருக்கும் கடிதங்களுக்கு இந்த வாரமே சமாதான நீதவான் ஒருவரிடம் மூலத்தைக் காட்டி உறுதிப்படுத்திய பிரதி இரண்டு எடுங்கள். ஒன்று வீட்டில் இருக்கட்டும், மற்றது வேறு ஊரில் இருக்கும் ஒரு சொந்தக்காரர் வீட்டில். போட்டோக்களின் பின்னால் பென்சிலால், அழுத்தாமல், யார், எந்தத் தோட்டம், எந்த வருடம் என்று அம்மாயியைக் கேட்டு எழுதுங்கள். பேனாவால் எழுதாதீர்கள், மை முன்பக்கம் வந்துவிடும்.

அந்தத் தகரப் பெட்டியில் துரு இருந்தால் தாள்களை உள்ளே அப்படியே போடாதீர்கள். வெளுத்த பருத்தித் துணியை நன்றாகத் துவைத்துக் காயவைத்து, அதில் சுற்றி வையுங்கள்.