டைவர்ஸ் காதுக்கு வீட்டுல கலக்குற ட்ராப்ஸ்: கேள்வி பதில்

கேள்வி: அக்கா, ஒவ்வொரு டைவ் ட்ரிப்லயும் மூணாவது நாள் காது அரிக்கும், அஞ்சாவது நாள் அந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்க முடியாது. வினிகரும் ஸ்பிரிட்டும் கலந்து விட்டா வராதாமே, நெசமா?

பதில்: நெசம்தான் தம்பி, ஆனா வர்றதுக்கு முன்னாடி மட்டும்தான். தண்ணியிலயே கெடந்தா காதுக்குழாய் தோல் ஊறிப்போயிடும், காவலுக்கு இருக்குற குறும்பியும் கரைஞ்சுடும், தோலோட லேசான அமிலத்தன்மையும் போயிடும், அப்பதான் சூடோமோனாஸ் மாதிரி பாக்டீரியா உள்ள குடியேறும். வினிகர் அந்த அமிலத்தைத் திருப்பிக் குடுக்குது, ஆல்கஹால் ஈரத்தை இழுத்துட்டுப் போகுது. 5% வெள்ளை வினிகர் ஒரு பங்கு, 70% ஐசோப்ரோபைல் ஆல்கஹால் ஒரு பங்கு, அவ்ளோதான். வெறும் ஸ்பிரிட்னு கேட்டு வாங்காதீங்க, அதுல வேற என்னென்னமோ கலந்திருக்கும், பாட்டில்ல ஐசோப்ரோபைல்னு எழுதியிருக்கணும். வினிகர் எசென்ஸ்னு கெட்டியா விக்கிறத தொடவே தொடாதீங்க, தோல் வெந்துடும்.

கேள்வி: நானும் இதேதான் விடுறேன், ஆனாலும் வருதே?

பதில்: எவ்ளோ நேரம் காதுல வச்சிருக்கீங்க? இதைத்தான் எல்லார்கிட்டயும் மொதல்ல கேப்பேன், முக்கால்வாசிப் பேர் ரெண்டு சொட்டு விட்டு உடனே தலையைச் சாய்ச்சுக் கொட்டிடுறாங்க. நாள்கணக்கா அழுத்த அறைக்குள்ளயே தங்குற சாச்சுரேஷன் டைவர்ஸுக்கு இந்தத் தொல்லை ரொம்ப ஜாஸ்தி, அதுக்காக அமெரிக்க கடற்படை 1974லயே ஒரு முறை எழுதி வச்சாங்க. அவங்க யூஸ் பண்ணது அலுமினியம் அசிடேட்ல 2% அசிட்டிக் ஆசிட், நம்ம கலவையில வர்ற 2.5%க்குப் பக்கத்துல வந்துடுது பாருங்க. காலையில மொத டைவுக்கு முன்னாடி ஒரு தடவை, ராத்திரி படுக்கும்போது ஒரு தடவை, ஒவ்வொரு காதுக்கும் முழுசா 5 நிமிஷம். மனசுக்குள்ள எண்ணாதீங்க, வாட்ச்சைப் பாத்து பண்ணுங்க, ஒருக்களிச்சுப் படுத்துக்கிட்டா சுலபம். பாட்டிலை உள்ளங்கையில வச்சு கொஞ்சம் சூடேத்திட்டு விடுங்க, ஜில்லுனு விட்டா தலை சுத்தும். ட்ரிப்போட மொத நாள்லேருந்தே ஆரம்பிக்கணும், அரிப்பு வரட்டும்னு காத்திருந்தா லேட்டு.

கேள்வி: போன டைவ்ல ஈக்வலைஸ், அதான் காதுக்குள்ள அழுத்தத்தை சமன் பண்றது, சரியா ஆகல, காது அடைச்ச மாதிரியே இருக்கு. இந்த ட்ராப்ஸ் விடலாமா மேடம்?

பதில்: வேணாம்ங்க, தயவுசெஞ்சு விடாதீங்க. அது நடுக்காது சமாச்சாரம், செவிப்பறைக்கு அந்தப் பக்கம், இந்தக் கலவை அங்க போகாது, போகவும் கூடாது. செவிப்பறையில ஓட்டை இருந்தா ஆல்கஹால் உள்ள எறங்கி பயங்கரமா எரியும், கேக்குற திறனுக்கே ஆபத்து. காது ஆபரேஷன் ஆனவங்க, ட்யூப் வச்சவங்க, காதுலேருந்து நீர் வடியுறவங்களுக்கும் இதே பதில்தான். டாக்டர் பாத்து சரின்னு சொல்றவரைக்கும் டைவும் கிடையாது.

கேள்வி: காது மடலை இழுத்தாலே உயிர் போகுது. வெளிக்காதா உள்காதா?

பதில்: மடலை இழுத்தாலோ முன்னாடி இருக்குற சின்ன மேட்டை அழுத்தினாலோ வலிச்சா பெரும்பாலும் வெளிக்காது இன்ஃபெக்ஷன்தான். இனிமே வீட்டு வைத்தியம் வேணாம், டாக்டர் குடுக்குற ஆன்டிபயாடிக் ட்ராப்ஸ்தான், ஒரு வாரம் பத்து நாள் தண்ணிக்குள்ள போகக்கூடாது. சுகர் இருந்தா ஒரு நாள்கூட தள்ளிப்போடாதீங்க, அவங்களுக்கு எலும்பு வரைக்கும் பரவக்கூடியது இது.

கேள்வி: ஹைட்ரஜன் பெராக்சைடு?

பதில்: குறும்பியை இளக்கும், ஈரத்தை எடுக்காது. இதுக்கு வேணாம்.

கேள்வி: டைவ் முடிஞ்சதும் பட்ஸ் போட்டு ஈரத்தை எடுத்துடறேன், தப்பா?

பதில்: ஆமாப்பா, ஊறுன தோலை பட்ஸ் சிராய்ச்சு விட்டுடும், கிருமிக்கு வழி விட்டாச்சு, பத்தாததுக்கு குறும்பியையும் உள்ள தள்ளிடும். நல்ல தண்ணியில உப்பு போக அலசிட்டு, தலையை ரெண்டு பக்கமும் சாய்ச்சு வடிய விடுங்க, டவல்ல வெளிப்பக்கம் மட்டும் ஒத்துங்க. ஹேர் ட்ரையர் இருந்தா ஒரு அடி தள்ளி, சூடு கம்மியா வச்சுக் காட்டலாம்.

கேள்வி: அப்ப சாதா இயர் ப்ளக் போட்டுக்கிட்டே டைவ் பண்ணலாமா அக்கா?

பதில்: கூடாது. ப்ளக்குக்கும் செவிப்பறைக்கும் நடுவுல காத்து மாட்டிக்கும், கீழ போகப் போக அதை சமன் பண்ண வழியே இல்ல, ப்ளக் உள்ள இழுத்துக்கும், செவிப்பறை கிழியவும் செய்யும். நீச்சல் குளத்துக்கு ஓகே, டைவுக்கு வேணவே வேணாம்.