15 மி.மீ. கூடுதலாக இருந்தால் பொருளைத் திருப்பித் தரலாமா?

கேள்வி: பாறை, தடைகள் மேல் ஏறிக் குதித்து ஓட்டும் ட்ரையல்ஸ் சைக்கிளுக்காக, 20 அங்குலச் சக்கரத்துக்கான ஃபிரேமும் ஃபோர்க்கும் (முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவை) சேர்ந்த செட் ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். வீல்பேஸ் 1005 மி.மீ. என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். என் பழைய சக்கரங்களைப் பூட்டி அளந்தால் 1020 வருகிறது. நான் உயரம் குறைவு. குட்டையான வண்டி வேண்டும் என்றுதான் இதைத் தேர்ந்தெடுத்தேன். கேட்டால், “பின்சக்கரத்தை எங்கே வைக்கிறீர்களோ அதைப் பொறுத்து அளவு மாறும், மாட்டி ஓட்டிய பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம்” என்கிறார் விற்பனையாளர். இரண்டு முறைதான் ஓட்டினேன். பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: விற்பனையாளர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. அதை முதலில் சரிபார்க்காமல் நோட்டீஸ் அனுப்ப வேண்டாம். அவர் தரப்பு எழுப்பும் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும்.

வீல்பேஸ் என்பது முன் ஆக்சிலின் (சக்கர அச்சின்) மையத்திலிருந்து பின் ஆக்சிலின் மையம் வரையுள்ள தூரம். ட்ரையல்ஸ் ஃபிரேமில் பின் ஆக்சில் உட்காரும் இடம் பெரும்பாலும் கிடைமட்டமான நீண்ட வெட்டாக இருக்கும். ஆக்சிலைப் பின்னால் இழுத்துத்தான் செயினை இறுக்குகிறோம். செயினில் ஒரு முழு ஜோடிக் கண்ணி, அதாவது 25.4 மி.மீ., கூடுதலாக இருந்தால் ஆக்சில் ஏறத்தாழ 12 அல்லது 13 மி.மீ. பின்னுக்குப் போய்விடும். உங்கள் வித்தியாசமே 15 மி.மீ.தான். பழைய செயினையும் அப்படியே போட்டிருந்தால், குறை ஃபிரேமில் இல்லாமல் செயினில் இருக்கலாம்.

இதைத் தீர்க்க ஒரு வழி உண்டு. விளம்பரத்தில் வீல்பேஸோடு செயின்ஸ்டே நீளமும் கொடுத்திருப்பார்கள். பெடல் அச்சின் மையத்திலிருந்து பின் ஆக்சிலின் மையம் வரையுள்ள தூரம் அது. செயினைக் கழற்றிவிட்டு, அந்த நீளம் விளம்பரத்தில் உள்ளபடியே வரும் இடத்தில் ஆக்சிலை இறுக்குங்கள். இப்போது வீல்பேஸை அளங்கள். 1005-ஐ ஒட்டி வந்தால் உங்களுக்கு வழக்கு இல்லை. செயினைக் குறைத்தால் போதும். அப்போதும் 1015, 1020 என்று வந்தால், கூடுதல் நீளம் பெடலுக்கு முன்னால் இருக்கிறது. அதைப் பின்சக்கரத்தை நகர்த்திச் சரிசெய்ய முடியாது. விற்பனையாளரின் பதில் அங்கேயே விழுந்துவிடும். சக்கரத்தை அந்த இடத்தில் வைத்தால் டயர் ஃபிரேமில் உரசுகிறதா என்றும் பாருங்கள். உரசினால் டயரின் அளவைக் குறித்து வையுங்கள். நீங்கள் பெரிய டயர் போட்டதாகச் சொல்லித் தப்பிக்கப் பார்ப்பார்கள்.

ஃபோர்க் அவர்கள் கொடுத்ததே என்பது உங்களுக்குப் பலம். வேறு நீளமுள்ள ஃபோர்க்கை நீங்களே போட்டிருந்தால் முன் ஆக்சில் இடம் மாறியிருக்கும். நான் இந்த வழக்கை எடுத்திருக்க மாட்டேன்.

அளக்கும் முறையில் கவனம் வேண்டும். டேப்பை வண்டியின் மேல் சாய்த்துப் பிடித்து அளந்ததை யாரும் ஏற்க மாட்டார்கள். சமதளத் தரையில், ரசமட்டம் வைத்துப் பார்த்து, ஹேண்டில்பாரை நேராக்கி வண்டியை நிறுத்துங்கள். இரண்டு ஆக்சில் மையங்களிலிருந்தும் தூக்குக்குண்டு தொங்கவிட்டு, நுனி தொடும் இடத்தைச் சாக்பீஸால் குறித்து, குறிகளுக்கு இடையே அளங்கள். வலப்பக்கம், இடப்பக்கம் இரண்டும் வேண்டும். சில மி.மீ. முரண்பட்டால் சக்கரம் கோணலாக உட்கார்ந்திருக்கிறது. அதை நேராக்கிய பிறகும் முரண்பாடு நீடித்தால் ஃபிரேமோ ஃபோர்க்கோ கோணலாக இருக்கலாம். அது தனிப் புகார். அளக்கும் நாளை விற்பனையாளருக்கு எழுத்தில் முன்கூட்டியே சொல்லி, வரச் சொல்லுங்கள். அவர் வராவிட்டாலும், அழைத்ததற்குச் சான்று உங்கள் கையில் இருக்கும். முழுவதையும் வீடியோ எடுங்கள்.

இனிச் சட்டம். எந்த நாட்டிலிருந்து எழுதுகிறீர்கள் என்று நீங்கள் குறிப்பிடவில்லை. ஆனாலும் விவரிப்பைச் சொல்லி விற்ற பொருள் அந்த விவரிப்புக்கு ஒத்திருக்க வேண்டும் என்பது இந்தியாவின் 1930-ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு. ஆங்கிலச் சட்டத்தைப் பின்பற்றிய மலேசியா, சிங்கப்பூர், இலங்கைச் சட்டங்களிலும் இதே கொள்கைதான். அளவு விஷயத்தில் வழக்கறிஞர்களான நாங்கள் இன்றும் எடுத்துப் படிப்பது 1933-இல், அன்று இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை தீர்த்த ஆர்கோஸ் எதிர் ரொனாசன் வழக்கு. பீப்பாய் செய்ய அரை அங்குலத் தடிமனுள்ள மரப்பட்டைகளுக்கு ஒப்பந்தம். வந்தவற்றில் பெரும்பாலானவை சற்றே தடிமன் கூடியவை. பீப்பாய் செய்ய அவை உதவும் என்பதில் சந்தேகம் இல்லை. ஆனாலும் வாங்கியவர் நிராகரித்தது செல்லும் என்று தீர்ப்பானது. அந்தக் கண்டிப்பைப் பிற்காலத் தீர்ப்புகள் ஓரளவு தளர்த்தியிருக்கின்றன. 2, 3 மி.மீ.க்காக நீதிமன்றம் போக வேண்டாம். 15 மி.மீ. அப்படியல்ல. 20 அங்குல ட்ரையல்ஸ் வண்டிகளின் வீல்பேஸ் 1000 மி.மீ.யை ஒட்டியே இருக்கும், அதற்குள் 15 என்பது ஒரு மாடலுக்கும் இன்னொரு மாடலுக்கும் உள்ள வித்தியாசம். நீளமான வண்டி பின்சக்கரத்தில் நிற்கும்போது நிதானமாக இருக்கும். ஆனால் முன்பக்கத்தைத் தூக்க உடம்பு கூடுதலாக உழைக்க வேண்டும். உங்களைப் போன்றவருக்கு இது அழகுக்கான அளவு அல்ல.

வாங்குமுன் உங்கள் உயரத்தையும் ஓட்டும் பாணியையும் சொல்லி, எது பொருந்தும் என்று அவரிடம் கேட்டீர்களா? கேட்டு, அவர் சொன்னதை நம்பி வாங்கியிருந்தால், நோக்கத்துக்குப் பொருந்தாத பொருள் என்ற இரண்டாவது வாதமும் கிடைக்கும். இந்தியச் சட்டத்தில் அது 16-ஆம் பிரிவு. அந்த உரையாடலை அழித்துவிடாதீர்கள்.

இரண்டு முறை ஓட்டியது என்னைக் கவலைப்பட வைக்கிறது. அளந்து பார்க்கப் பூட்டியது தவறில்லை. பரிசோதிக்க வாங்கியவருக்கு நியாயமான வாய்ப்பு உண்டு. ஆனால் பாறையில் ஏற்றி அடிப்பாகத்தில் கீறல் விழுந்திருந்தால், பொருளை ஏற்றுக்கொண்டுவிட்டீர்கள் என்று வாதிடுவார்கள். அந்த வாதம் வென்றால் திருப்பித் தரும் உரிமை போய்விடும், இழப்பீடு கேட்கும் உரிமை மட்டும் மிஞ்சும். நியாயமான காலத்துக்குள் நிராகரிப்பைச் சொல்லாமல் வைத்திருந்தாலும் இதே கதிதான். அதனால் இன்றே ஓட்டுவதை நிறுத்துங்கள். ஃபிரேமை எல்லாப் பக்கமும் படம் எடுத்து வையுங்கள். மேலே சொன்னபடி அளந்து முடித்ததும், அன்றைக்கே “விளம்பர விவரிப்புக்கு ஒத்துவரவில்லை, நிராகரிக்கிறேன், எடுத்துக்கொண்டு பணத்தைத் தாருங்கள்” என்று எழுதி அனுப்புங்கள். விளம்பரப் பக்கத்தை அளவுகளோடு இப்போதே சேமித்துக்கொள்ளுங்கள். நோட்டீஸ் போனபின் அந்த எண்ணை மாற்றிவிட்ட விற்பனையாளரை நான் பார்த்திருக்கிறேன்.