நர்ஸ் வீட்டுக்கு வரட்டுமா?

கேள்வி: மெல்போர்னில் இருக்கிறோம். முதல் குழந்தை பிறந்து சில நாள்தான் ஆகிறது. கவுன்சிலில் இருந்து நர்ஸ் வீட்டுக்கு வருவதாக போன் செய்தார்கள். எனக்கு ஆங்கிலம் கேட்டால் ஓரளவு புரியும், பேச வராது. கணவர், 'நானே மொழிபெயர்த்துச் சொல்கிறேன்' என்கிறார். ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியார், 'வீட்டைப் பார்த்துக் குறை எழுதிக்கொண்டு போவார்கள், வேண்டாம் என்று சொல்லிவிடு' என்கிறார். என்ன செய்யட்டும்?

பதில்: வரச் சொல்லுங்கள் அம்மா. கட்டாயம் எதுவும் இல்லை, மறுக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. ஆனாலும் வரச் சொல்லுங்கள்.

உங்கள் வீட்டை மட்டும் யாரும் குறிவைக்கவில்லை. மெல்போர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் குழந்தை பிறந்ததும் மருத்துவமனையில் இருந்து கவுன்சிலுக்குத் தகவல் போகும். மூன்றரை வயது வரை மொத்தம் 10 சந்திப்புகள், எல்லாமே இலவசம். அதில் முதலாவது மட்டும் வீட்டில் நடக்கும், மற்றவை பெரும்பாலும் தாய் சேய் நல மையத்தில். எடை பார்ப்பார், பால் குடிப்பதைப் பார்ப்பார், உங்கள் தையல், தூக்கம், சாப்பாடு பற்றிக் கேட்பார். நம் ஊரில் கிராம சுகாதார செவிலியர் வீடு தேடி வருவதை உங்கள் மாமியார் பார்த்திருப்பாரே, அதே வேலைதான் இது.

கழுவாத பாத்திரம் அவர் கண்ணில் படாது. குழந்தை தூங்கும் இடத்தைக் கவனிப்பார். மல்லாக்கப் படுக்க வைக்கிறீர்களா, தலையணையும் தளர்வான போர்வையும் இல்லாமல் இருக்கிறதா என்று பார்ப்பார். தூக்கத்தில் நேரும் திடீர் மரணத்தைத் தவிர்க்கத்தான் இது. குழந்தைக்கு உண்மையிலேயே ஆபத்து என்று தெரிந்தால் தெரிவிக்க வேண்டிய சட்டக் கடமை நர்ஸுக்கு உண்டு, அதை நான் மறைக்க மாட்டேன். ஆனால் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவதும் மை வைப்பதும் அந்தக் கணக்கில் வராது. வீட்டில் செய்வதையெல்லாம் தயங்காமல் சொல்லுங்கள். தேன் மட்டும் ஒரு வயது வரை நாக்கில் தொட்டுக்கூட வைக்க வேண்டாம். அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் விதைகள் பச்சிளம் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கலாம். சில கண்மைகளில் ஈயம் கலந்திருக்கும், அதையும் விட்டுவிடுவது நல்லது.

எனக்கு உண்மையான கவலை உங்கள் கணவர் சொன்னதில்தான். அவர் நல்ல எண்ணத்தில் சொல்கிறார், சந்தேகமில்லை. ஆனால் குழந்தைக்கு வரும் அதே நர்ஸ் உங்களுக்காகவும் வருகிறார். வரும் வாரங்களில் உங்கள் மனநிலை பற்றி 10 கேள்விகள் கொண்ட ஒரு படிவம் தரலாம். எடின்பரோ அளவுகோல் என்பார்கள், தமிழிலும் இருக்கிறது. அதன் கடைசிக் கேள்வி, உங்களை நீங்களே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. வீட்டில் பயமில்லாமல் இருக்கிறீர்களா என்றும் ஒரு நாள் தனியாகக் கேட்பார், எல்லாத் தாய்மார்களிடமும் கேட்பதுதான். 'காரணமே இல்லாமல் அழுகை வருகிறது' என்பதைக் கணவர் வழியாகச் சொல்வீர்களா? சொன்னாலும், 'கொஞ்சம் சோர்வா இருக்காங்க' என்றுதான் அது நர்ஸின் காதுக்குப் போய்ச் சேரும். தையல் வலியையும் மார்பு வலியையும் எந்தப் பெண்ணும் பாதி முழுங்கித்தான் சொல்வாள்.

அதனால் கவுன்சிலில் இருந்து போன் வந்த எண்ணுக்கு இன்றே பேசி, 'தமிழ் இன்டர்ப்ரெட்டர் வேண்டும்' என்று கேளுங்கள். உங்களுக்கு ஒரு டாலர்கூடச் செலவில்லை. பெண்தான் வேண்டும் என்றும் கேட்கலாம். நம் ஆட்களுக்குள் பேச்சு பரவிவிடுமோ என்று தோன்றினால், போன் வழியாக, வேறு ஊரில் இருப்பவராகக் கேளுங்கள். உங்கள் பெயரைச் சொல்ல வேண்டாம் என்றும் நர்ஸிடம் சொல்லிவைக்கலாம். கேட்டதை வெளியே சொல்லக் கூடாது என்பது மொழிபெயர்ப்பாளர்களுடைய தொழில் விதி.

நடுராத்திரியில் சந்தேகம் வந்தால் தொலைபேசி மொழிபெயர்ப்புச் சேவையின் எண்ணான 131 450-ஐக் கூப்பிட்டு, 'தமிழ்' என்று சொல்லி, 13 22 29-க்கு இணைக்கச் சொல்லுங்கள். அங்கே 24 மணி நேரமும் நர்ஸ் இருப்பார்.

கணவரும் அன்று வீட்டில் இருக்கட்டும், அவருடைய சந்தேகங்களையும் கேட்கட்டும். மாமியாரையும் பக்கத்தில் உட்கார வையுங்கள், அவர் கேட்பதையும் மொழிபெயர்ப்பாளர் சொல்வார். அப்புறம் கொஞ்ச நேரம் தனியாகப் பேச வேண்டும் என்று நர்ஸிடம் நீங்களே கேளுங்கள்.